மாமியார் இருந்தவரை நாற்றம் இல்லையா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். பெரியது ஆண், நான்கு வயது. சின்னது பெண், ஒன்றரை வயது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவை. கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி எல்லாம் ஆகிவிட்டது. அவை மலஜலம் கழிக்க, ‘லிட்டர்’ என்கிற குருணை கொட்டி வைக்கும் ட்ரே ஒன்று வாங்கி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் மாமியார் எங்களோடு இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. முட்டிவலி என்று அவர் நாத்தனார் வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. இப்போது பார்த்து இரண்டும் சோபாவுக்குப் பின்னாலும் மிதியடி மேலும் போய் வைக்கின்றன. வீடே நாறுகிறது. பினாயில் ஊற்றித் துடைத்தும் பயனில்லை. கொல்லைப்புறத்தில் கொஞ்சம் மண் தரை இருக்கிறது. இனி வெளியே போகப் பழக்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படிப் பழக்குவது?
- ஒரு வாசகி

பதில்: வெளியே பழக்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சொல்லித் தருகிறேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனசு வரவில்லை.

‘மாமியார் இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை.’ ஏன் இல்லை? அவர் போன பிறகுதான் பூனைகள் சோபாவைத் தேடுகின்றன என்றால், அதுவரை அந்த ட்ரேயை அள்ளிக்கொண்டிருந்தது யார்? நீங்கள் அள்ளியிருந்தால் இப்போதும் அது சுத்தமாக இருந்திருக்கும். உங்கள் கணவர் கடிதத்தில் ஒரு இடத்தில்கூடத் தலைகாட்டவில்லை. பிள்ளைகளுக்குப் பங்கு ஆசைப்பட்டதோடு சரி. மிச்சம் இருப்பது ஒருவர்தான். முட்டிவலிக்காரர். தரையோடு தரையாகக் கிடக்கிற ட்ரேக்கு முன்னால் குனிந்து, மூத்திரக் கட்டியையும் மலத்தையும் சல்லடைக் கரண்டியால் அள்ளி, பையில் முடிந்து போட்டு, குறைந்த அளவுக்குப் புது லிட்டர் கொட்டி நிரவி வைத்திருக்கிறார். நீங்கள் எழுவதற்கு முன்பே முடித்திருப்பார். அதனால்தான் அது ஒரு வேலை என்றே உங்கள் கண்ணில் படவில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சில சமயம் நாய், சில சமயம் மீன்தொட்டி. ஆசைப்படுவது ஒருவர், செய்வது வீட்டில் இருப்பவர்களிலேயே வாய் திறந்து முடியாது என்று சொல்லாத ஒருவர். அவர் நகர்ந்ததும் பழி பிராணியின் தலையில்.

பூனையின் பக்கம் கொஞ்சம் பேசலாமா? ஒரு பூனை நாளுக்கு இரண்டு மூன்று முறையாவது மூத்திரம் போகும், ஒரு முறை மலம் கழிக்கும். இரண்டு பூனைக்கு ஒரே ட்ரே. இரண்டு நாள் அள்ளாமல் விட்டால் அதில் கால் வைக்க உலர்ந்த இடம் எங்கே இருக்கும்? கணக்கு எளிது: பூனை எத்தனையோ அதைவிட ஒரு ட்ரே கூடுதல். உங்கள் வீட்டுக்கு மூன்று. ட்ரேயின் நீளம் பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். வைத்த இடமும் சரியில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் மெஷின் தடதடவென்று சுற்ற ஆரம்பித்தால் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைக்காது. சோபாவுக்குப் பின்னால் சத்தம் இல்லை, மிதியடி மெத்தென்று உலர்ந்து இருக்கிறது. உங்கள் பூனைகள் விவரமானவை.

பினாயிலை இன்றே நிறுத்துங்கள். பீனால் சேர்ந்த எதுவும் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கி, நேரே வயிற்றுக்குள் இறக்கிக்கொள்ளும். பிளீச்சிங்கும் வேண்டாம். மூத்திரத்தின் மேல் பட்டால் கெட்ட வாயு கிளம்பும். மூத்திரக் கறைக்கென்றே என்சைம் கலந்த திரவம் விற்கிறார்கள். அதை ஊற்றி ஊறவிட்டால்தான் வாடை அடியோடு போகும். வாடை இருக்கிறவரை அந்த இடம் அவற்றுக்குக் கக்கூஸ்தான்.

இன்னொன்று, இதில் தாமதம் கூடாது. ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, ரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் குறுகல். முழுசாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

சரி, வெளியே பழக்கும் விஷயம்.

1947-இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் களிமண் குருணையைப் பூனைக்கென்று விற்க ஆரம்பிக்கும் வரை, வீட்டுக்குள் பெரும்பாலும் மணலும் சாம்பலும் மண்ணும்தான். ஆகவே மண் பூனைக்குப் புதிதில்லை, உங்கள் பூனைகளுக்குத்தான் புதிது. கொல்லையில் காற்று அடிக்காத, சுவரோ செடியோ மறைக்கிற ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். சோறு வைக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். இரண்டு மூன்று அடி சதுரத்துக்கு, அரை அடி ஆழம் கொத்திக் கல் பொறுக்கி, மணல் கலந்து பொலபொலவென்று ஆக்குங்கள். கெட்டித் தரையைப் பூனை தோண்டாது. தோண்ட முடியாத இடத்தில் உட்காராது.

அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து வெயிலில் காயவைத்து, வீட்டு ட்ரேயில் ஒரு பிடி கலந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இன்னொரு பிடி. இரண்டு மூன்று வாரத்தில் பாதிக்குப் பாதி மண்ணாகிவிடும். அதன் பிறகு ஒரு ட்ரேயைத் தினமும் இரண்டடி கொல்லைக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். நடுவில் தரையில் போய்விட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய இடத்துக்குத் திரும்பி இரண்டு நாள் பொறுங்கள். கதவைத் தாண்டி வெளியே வந்ததும் ட்ரேயைக் குழிக்குப் பக்கத்தில் வைத்து, அள்ளிய கட்டியில் ஒன்றைக் குழிக்குள் புதையுங்கள். அந்த வாடை நீங்கள் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும் வெளியே கூட்டிப் போங்கள். முதல் சில தடவை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால், பசியோடு இருக்கும்போது விடுங்கள், கூப்பிட்டால் திரும்பி வரும். பக்கத்தில் நில்லுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். தப்பான இடத்தில் போனதற்காக மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது, கத்துவது எதுவும் வேண்டாம். நீங்கள் பார்க்கும்போது போகக் கூடாது என்பதை மட்டும்தான் பூனை கற்றுக்கொள்ளும். அப்புறம் கட்டிலுக்கு அடியில் தேடுவீர்கள்.

இப்போது கேளுங்கள். வெளியே போனால் அள்ளுகிற வேலை மிச்சம் என்றுதானே உங்கள் கணக்கு? அது தப்புக் கணக்கு. குழியையும் தினமும் கிளறி அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் சுவர் ஏறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கொத்திய பாத்தியில் போய் உட்காரும். அங்கே கிளம்பும் சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை. வெளியே எலி, குருவி பிடிக்கிற பூனைக்கு டாக்ஸோபிளாஸ்மா தொற்று வரலாம். மலத்தில் வெளியேறும் அந்தக் கிருமி நமக்குத் தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது பிடிக்கும். தினமும் அள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே கூடாது.

யார் அள்ளுவது? உங்கள் பிள்ளைகள். ஒரு உயிரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அதன் மலத்தையும் அள்ள வேண்டும், கொஞ்சுவது அதற்கு அப்புறம். பரீட்சை, டியூஷன் என்று நீங்களே அவர்களுக்காகச் சாக்குத் தேடாதீர்கள். கரண்டி பிடித்து அள்ள ஐந்து நிமிடம் ஆகாது. வீட்டுப் பெரியவர்களின் கை இருக்கிறவரை எல்லாம் தானாக நடக்கும் என்று வளர்கிற பிள்ளை, நாளைக்கு உங்கள் முட்டிவலியையும் இப்படித்தான் பார்க்கும்.

உங்கள் மாமியாருக்குப் போன் போடுங்கள். அள்ளுவதற்காக வாருங்கள் என்று அழைத்துவிடாதீர்கள், அது இதைவிட மோசம். வலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு, எத்தனை விரல் ஆழத்துக்கு லிட்டர் கொட்டுவார், எந்த நேரத்தில் அள்ளுவார், எந்தப் பூனை எதற்கு முகம் சுளிக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பூனைகளை அவரளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

முடிந்தால் மண் கலப்பதற்கு முன், மூன்று ட்ரே வைத்து, காலையும் மாலையும் அள்ளி, இரண்டு வாரம் பாருங்கள். கொல்லைக்குப் போகவே வேண்டாம் என்று தோன்றலாம்.

போய்ப் பழகினாலும் வீட்டுக்குள் ஒரு ட்ரே இருந்தே ஆக வேண்டும். மழையில் நனைந்த மண்ணில் பூனை உட்காராது. ராத்திரி அவற்றை வெளியே விடுவதும் ஆபத்து. உடம்பு சரியில்லாதபோது எத்தனை முறை போகிறது என்று உள்ளே இருந்தால்தான் தெரியும். பிள்ளைகளுக்கு வாரத்தில் ஆறு நாள் பிரித்துக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவருடையது. இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.