காசில் இருக்கும் சாமியை எங்கே அனுப்புவது?

அன்புள்ள ஐயா,

பழங்காசு சேர்ப்பவர்களுக்காகத் திருச்சியில் ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறேன். ஏழு ஆண்டுகளாக நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. சென்ற மாதம் ஒருவர் கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயத்தைப் படமெடுத்துப் போட்டார். ‘அழகான வேலைப்பாடு’ என்று மட்டும்தான் எழுதினார். இரவு பத்து மணிக்குள் கட்சி, ஊழல், இந்தி, கடவுள் மறுப்பு எல்லாம் வந்துவிட்டன. மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் சோழர் காசில் எழுத்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர். இனி குழுவில் அரசியலும் மதமும் கூடவே கூடாது என்று விதி போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். பொழுதுபோக்குக்குக் கூடுகிற இடத்தில் இவை எதற்கு? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

விதி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நினைத்திருக்கிற விதி உங்கள் குழுவில் ஒரு வாரம்கூடத் தாங்காது. மாடித்தோட்டக் குழுவில் போட்டால் ஓரளவுக்குத் தாங்கும். கத்தரிச் செடிக்குக் கட்சி கிடையாது. காசு அப்படியில்லை. அரசாங்கம் அடித்தால்தான் அது காசு, இல்லாவிட்டால் உலோக வில்லை. எவன் ஆண்டான், எந்தச் சாமியைக் கும்பிட்டான், எந்த எழுத்தில் பெயர் பொறித்தான் என்பதைத்தானே நாம் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

உங்கள் குழுவில் சண்டை மூட்டிய காசையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் அதை வெளியிட்டவர் மத்திய பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங். அதில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே பொறித்திருக்கிறது. தி.மு.க. தலைவரின் உருவம், டெல்லியின் நாணயம், வெளியிட்டது பா.ஜ.க. அமைச்சர். இதைப் பார்த்து வேலைப்பாட்டை மட்டும் ரசித்துவிட்டு நகர்வதற்குத் தனியாக ஒரு துறவு மனம் வேண்டும். எனக்கு அது இல்லை.

பழைய காசுகளுக்குப் போனால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே இன்னும் சிக்கல். ராஜராஜன் செப்புக்காசில் உட்கார்ந்திருக்கும் உருவத்தின் பக்கத்தில் ‘ஸ்ரீராஜராஜ’ என்று நாகரியில், அதாவது வடமொழி எழுதுகிற எழுத்தில், இருக்கிறது. தஞ்சையில் பெரிய கோயில் கட்டியவன் தன் காசில் ஏன் தமிழ் எழுத்தைப் போடவில்லை? புதிதாகச் சேர்ந்த பையன் எவனும் முதலில் கேட்கிற கேள்வி அது. பதில் சொல்லத் தொடங்கினால் மொழி அரசியல். வட இந்தியாவை வென்ற முகமது கோரி அங்கே அடித்த பொற்காசில் ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் நாகரியில் அவன் பெயர். சென்னையில் கும்பெனிக்காரன் அடித்த வராகன் என்ற பொற்காசில் தேவியர் இருவரோடு திருமால். இதையெல்லாம் மதம் பேசாமல் விளக்க முடிந்தால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இதே விதியை நானே போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

நானும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு குழுவை நிர்வகித்துவந்தோம். 2005-ஐ ஒட்டி வந்த இரண்டு ரூபாய் நாணயம் நினைவிருக்கும். நடுவே ஒன்றையொன்று வெட்டும் கோடுகள், நான்கு பக்கமும் புள்ளிகள். வேற்றுமையில் ஒற்றுமை என்பது அரசு சொன்ன பொருள். இது சிலுவை என்று அப்போதே நாட்டில் கூச்சல் கிளம்பியது. பிறகு 2007-ல் நாட்டிய விரல் முத்திரை போட்ட காசுகள் வந்தன. எங்கள் குழுவில் ஒருவர் அந்தச் சிலுவைக் காசின் படத்தைப் போட்டு ‘மதமாற்றக் காசு’ என்று தலைப்பிட்டார். இன்னொருவர் வைஷ்ணோ தேவி உருவம் கொண்ட காசைப் பதிலுக்குப் போட்டார். (தெய்வ உருவக் காசுகளைத் திரும்பப் பெறக் கோரிய வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தள்ளுபடி செய்தது. அதையும் ஒருவர் கொண்டுவந்து போட்டார்.) நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நூற்றைம்பது செய்திகள்.

அப்போது ஒரு பெரியவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்த இரண்டு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலையின் குறி இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டார். ‘இது எந்த நாணயச்சாலை? சரியாகச் சொல்பவருக்கு ஓர் ஓட்டைக் காலணா’ என்று எழுதினார். அவ்வளவுதான். நட்சத்திரம் என்றார்கள் சிலர், அப்படியானால் ஹைதராபாத். தேய்ந்த வைரம் என்றார்கள் சிலர், அப்படியானால் மும்பை. இல்லை, புள்ளிதான், நொய்டா என்று ஒருவர் அடித்துச் சொன்னார். சண்டை அங்கேயே நின்றுவிட்டது. காலணா யாருக்குப் போனது என்பது எனக்கு மறந்துவிட்டது.

ஆனால் நாங்கள் மறுநாளே விதி போட்டோம்: மதம், அரசியல் பேசக் கூடாது. அதற்கடுத்த காலை வழக்கம்போல முருகன் படத்தோடு கிருத்திகை வாழ்த்து வந்தது. யாருக்கும் அது மதமாகத் தெரியவில்லை, எனக்கும்தான். டிசம்பரில் ஓர் ஆசிரியர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். விதியைச் சொல்லி என் சக நிர்வாகி அதை நீக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுவைக் காசு சண்டையில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர் அந்த ஆசிரியர். இரண்டு நாளில், யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிட்டார். சண்டை போட்டவர்கள் எல்லோரும் இன்றும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

பெரும்பான்மையோரின் மதம் பழக்கமாகிவிடுகிறது, மற்றவர்களுடையது மதமாகவே நின்றுவிடுகிறது. ‘கூடாது’ என்று மொட்டையாகப் போடுகிற விதி எப்போதும் இந்தப் பக்கமாகவே சாய்கிறது. அதை எழுதியவர்கள் நாங்களே என்பதால் சாய்ந்தது எங்கள் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவில் பின்னல் வேலைக்காரர்கள் கூடும் ரேவல்ரி என்ற தளம் 2019-ல் வேறு வழியில் போனது. டிரம்ப்புக்கும் அவருடைய அரசுக்கும் ஆதரவான பதிவுகளை வெளிப்படையாகவே தடை செய்தது. ஆதரவாளர்கள் உறுப்பினர்களாக இருக்கலாம், ஆதரவை அங்கே காட்டக் கூடாது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனால் தாங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுச் செய்தார்கள். எங்களுக்கு அந்த நேர்மைகூட இருக்கவில்லை.

உங்கள் குழுவுக்கு நான் எழுதுவதாக இருந்தால் ஒரே வரிதான் எழுதுவேன்: காசு கையில் இருக்கும்வரை எதையும் பேசலாம். ராஜராஜன் ஏன் நாகரி போட்டான் என்று மூன்று நாள் வாதாடட்டும். கலைஞர் காசில் தமிழ் வந்ததற்கு யார் காரணம் என்று அடித்துக்கொள்ளட்டும். அறிஞர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயிலேயே அவருடைய தமிழ்க் கையொப்பம் வந்துவிட்டது என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். காசு மேசையிலிருந்து விழுந்து ‘உன் ஆட்கள்’ என்ற சொல் வந்தவுடன் அந்த இருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம். வாழ்த்துகளை அனுமதித்தால் எல்லாப் பண்டிகைக்கும் அனுமதியுங்கள், இல்லையென்றால் கிருத்திகையும் வேண்டாம்.

சொல்ல மறந்தேன். வைஷ்ணோ தேவி காசுக்குப் பல லட்சம் கிடைக்கும் என்று சுற்றுகிற செய்திகளை முதலில் நீக்குங்கள். பழைய காசுகளை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. உங்கள் உறுப்பினர் ஒருவரின் பணம் போவதாக இருந்தால் அந்த வழியில்தான் போகும், கட்சிச் சண்டையில் அல்ல.

வெளியேறிய உங்கள் ஆசானுக்கு வாட்ஸப்பில் மன்னிப்புச் செய்தி அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள். எழுத்துத் தேய்ந்த ராஜராஜன் காசு ஒன்றைக் கொண்டுபோய், இதைப் படிக்க முடியவில்லை என்று நீட்டுங்கள்.

அன்புடன்.