கிளைக் கணினிக்கு முகவரி தருவது யார்?

கேள்வி: தலைமை அலுவலகத்தையும் கிளையையும் இணையம் வழியே தனிப்பாதை அமைக்கும் ஓப்பன் வி.பி.என். மென்பொருளின் பிரிட்ஜ் முறையில் (இரு இடங்களையும் ஒரே நெட்வொர்க்காக்கும் முறை) இணைத்த பிறகு, கிளையின் சில கணினிகளில் மட்டும் இணையம் மெதுவாக இருப்பது ஏன்?

பதில்: ஐ.பி. முகவரி கேட்டுக் கணினி அனுப்பும் டி.எச்.சி.பி. கோரிக்கை, நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் போகும் பொது அறிவிப்பு என்பதால், பிரிட்ஜ் முறையில் அது வி.பி.என். வழியே தலைமை அலுவலக ரூட்டரையும் எட்டிவிடுகிறது. முதலில் வரும் பதிலையே கணினி பெரும்பாலும் ஏற்கும். அது அங்கிருந்து வந்தால் கேட்வேயும் (இணையத்துக்கு வெளியேறும் வாயில்) அங்குள்ள ரூட்டராகவே அமைந்து, கிளையிலேயே இணைய இணைப்பு இருந்தும் எல்லாப் போக்குவரத்தும் வி.பி.என். வழியாகச் சுற்றிப் போகும். முகவரி தந்தது எந்த ரூட்டர் என்று அறிய, விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ கட்டளை காட்டும் டி.எச்.சி.பி. சர்வர் முகவரியைப் பாருங்கள். வி.பி.என். இடைமுகத்தில் மட்டும் டி.எச்.சி.பி. பயன்படுத்தும் யு.டி.பி. 67, 68 போர்ட்டுகளைத் தடுத்து, இரு ரூட்டர்களும் வழங்கும் முகவரி வரம்புகளைத் தனித்தனியே பிரித்துவிட்டால் சிக்கல் தீரும். ஆயினும், கிளைக்கு 192.168.2.0 போன்ற தனி நெட்வொர்க் கொடுத்து, இரு நெட்வொர்க்குகளையும் தனித்தனியாகவே வைத்து இணைக்கும் ரூட்டிங் முறைக்கு மாறுவதையே நான் வலியுறுத்துவேன்.