கை வியர்வை காத்திருக்கும், அப்பாவின் வியர்வை காத்திருக்காது

கேள்வி: எனக்கு 24 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இரண்டு உள்ளங்கையும் பாதமும் ஈரமாகவே இருக்கும். ஓசூர் குளிரிலும் வியர்க்கிறது. வருகைப்பதிவு மெஷின் என் விரல் ரேகையை எடுப்பதில்லை. நரம்புத் தளர்ச்சி, தைராய்டு, இதயக் கோளாறு என்று இணையத்தில் என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். தைராய்டு இரண்டு முறை பார்த்தேன், நார்மல். மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதற்குள் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? ஒரு மாதமாக அப்பாவுக்கும் விடியற்காலையில் சட்டை நனைய வியர்க்கிறது. 58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீடியோ பார்த்துவிட்டு ராத்திரிக் களியை நிறுத்தி மோர் மட்டும் குடிக்கிறார். இது பரம்பரை வியாதியா? எனக்கும் இப்படி முற்றிவிடுமா?
— வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது உங்களுக்கு இருக்கும் வியர்வை இல்லை. முதலில் அதைப் பேசிவிடுவோம். கடிதத்தில் நான் பயப்படுகிற இடம் அது ஒன்றுதான்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, விடியற்காலையில் தொப்பலாக நனைந்து எழுந்தால், ரத்தத்தில் சர்க்கரை தாழ்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பரம்பரை, நரம்பு எல்லாம் அப்புறம். மாத்திரை தன் வேலையை ராத்திரி முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை. சர்க்கரை இறங்க இறங்க உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஆளை உசுப்பப் பார்க்கிறது. வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், அகோரப் பசி எல்லாம் அதனால் வருபவை. அதற்கும் கீழே இறங்கினால் பேச்சு குழறும், ஆள் உளறுவார், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். தூக்கத்தில் நடப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாமலே போகவும் கூடும். ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் போன்ற மாத்திரையும் அவர் சாப்பிடுகிறார் என்றால் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாது. அப்போது வியர்வைதான் முக்கிய எச்சரிக்கை.

அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் என் சந்தேகம் வலுக்கிறது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மருந்தும் இவற்றில் ஒன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருவதுண்டு, அதனால் சின்ன எழுத்தையும் பாருங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை இவ்வளவு தாழ்வது அபூர்வம்.

இன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். களியோ சோறோ, அளவாக, கட்டாயமாக. ராத்திரி வேளை மாத்திரையைப் போடலாமா என்று அதை எழுதிய டாக்டரிடம் இன்றே கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். வியர்த்து எழும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். காலையில் லேபில் எடுக்கும் எண் இதற்கு உதவாது. 70-க்குக் கீழே இருந்தால் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். தாழ்ந்திருந்தாலோ மீட்டரே இல்லையென்றாலோ யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வையுங்கள். ‘சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா’ என்று அம்மா தடுப்பார். தடுத்தாலும் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், ஏனென்றால் இந்த வகை மாத்திரையின் வீரியம் உடம்பில் நீடிக்கும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறக்கிவிடும்.

ஒரு முறையும் தாழவில்லை என்றாலும் நாளைக்கே அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினினும் பார்க்க வேண்டும், அது மந்தமானால் மருந்து உடம்பிலேயே தேங்கும். சாப்பாட்டைக் குறைப்பது தவறில்லை. மாத்திரையை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் நிறுத்தியதுதான் தவறு. வீடியோவில் பேசுகிறவருக்கு உங்கள் அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்று தெரியாது. தெரியாமல் ‘இரவு உணவை விடுங்கள்’ என்று ஊருக்கெல்லாம் சொல்வது எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைக்கிறது.

வியர்க்கும் நேரத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், எடை இறக்கம் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சு அழுத்தமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து குளிர்ந்த வியர்வை வந்தால் வாயு என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காமல் அந்த நிமிடமே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். தக்காளிக்கு மருந்து அடித்த அன்று வியர்வையோடு எச்சில் ஒழுகி, கண் மங்கினால் பூச்சிமருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, உங்கள் கைக்கு வருவோம். நீங்கள் நன்றாகத் தூங்கும்போது உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள். காய்ந்திருக்கும். சின்ன வயதிலேயே தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்த்து, தூங்கும்போது நின்றுபோனால் உள்ளே வியாதி எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று தைரியமாக இருக்கலாம். உங்கள் நரம்பு தளரவில்லை. வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்பு தேவைக்கு மேல் சுறுசுறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளங்கைச் சுரப்பிகள் வெயிலைவிட மனப் பதற்றத்துக்குத்தான் அதிகம் வேலை செய்யும், அதனால் ஓசூர் குளிர் உங்களுக்கு உதவவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, மெஷின் விரலை எடுக்குமா என்ற பதற்றத்திலேயே விரல் நனைகிறது. துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைப்பதற்குள் மறுபடியும் ஈரம்.

தைராய்டு பரிசோதனைக்கு மூன்றாவது முறை பணம் கட்டாதீர்கள். தைராய்டு வியர்வை உடம்பு முழுக்க வரும், கூடவே எடை குறையும், நெஞ்சு படபடக்கும். பரம்பரையா என்றால், ஆம், குடும்பத்தில் வருவதுண்டு. அத்தை, சித்தப்பா யாருக்காவது கை ஈரமாக இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். முற்றி வேறொன்றாக மாறாது.

முதல் சிகிச்சை 20 சதவீத அலுமினியம் குளோரைடு லோஷன். பலரும் இதைப் போடும் முறை தெரியாமல் போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். படுக்கப் போகும்போதுதான் தடவ வேண்டும், சுரப்பி அப்போதுதான் ஓய்ந்திருக்கும். கை துளி ஈரமும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் பட்டால் அமிலமாகி எரியும், அரிக்கும். ஃபேன் காற்றில் காட்டிவிட்டுத் தடவுங்கள், காலையில் கழுவிவிடுங்கள். ஒரு வாரம் தினமும், பிடித்துக்கொண்டால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். வெடிப்போ புண்ணோ இருந்தால் வேண்டாம். அலுமினியத்தால் புற்றுநோய் வரும் என்று படித்திருப்பீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

உள்ளங்கைக்கு லோஷன் போதாமல் போவதும் உண்டு. அப்போது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் காட்டுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, கையை வைத்து, லேசான மின்சாரம் 20 நிமிடம்போலச் செலுத்துகிற அயன்டோஃபோரசிஸ் என்ற முறை இருக்கிறது. கைக்கும் பாதத்துக்கும் நன்றாக வேலை செய்யும், ஆனால் தொடர்ந்து செய்ய வேண்டும். போட்டாக்ஸ் ஊசி சில மாதங்கள் தாங்கும். ஆனால் உள்ளங்கையில் வலி அதிகம், கட்டைவிரல் பிடி கொஞ்ச நாள் தளரலாம். நுண்ணிய உதிரிபாகம் பிடிக்கிற வேலைக்காரருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கிளைகோபைரோலேட் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். வாய் வறளும், சிறுநீர் அடைக்கலாம், உடம்பு முழுக்க வியர்வையைக் குறைத்துவிடுவதால் சித்திரை வெயிலில் தோட்டத்தில் நின்றால் உடல் சூடு ஏறி மயங்கி விழலாம்.

ஆபரேஷன் வேண்டாம். நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டித்தால் கை காயும். பதிலுக்கு முதுகிலும் வயிற்றிலும் வியர்த்துக் கொட்டுவது நிறைய பேருக்கு நடக்கிறது, அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. கம்பெனியில் கையுறையும், ரேகைக்குப் பதிலாக அட்டையும் கேளுங்கள். டாக்டர் கடிதம் இருந்தால் கேட்க வசதியாக இருக்கும். கல்யாணத்துக்கு இது தடையே இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் மின்சார சிகிச்சையும் மாத்திரையும் கூடாது, அதனால் கல்யாணத் தேதி முடிவானதும் தோல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.