ஒரே பெட்டியில் இரண்டு விஎம்: நகல் எடுப்பதை எங்கே குறைக்கலாம்?

நெல்லை, தென்காசி வட்டாரத்து நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விஎம் என்றால் ஒரு சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி; அதைத் தாங்கும் சர்வர்தான் ஹோஸ்ட். எல்லோரும் லினக்ஸில், விஎம்களை ஓட்டும் கேவிஎம் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டை மாணவர்: அண்ணாச்சி, இரண்டு விஎம்மும் ஒரே சர்வரில்தான் இருக்கின்றன. தரவு கம்பிக்கே போவதில்லை. பிறகு ஏன் சிபியு இப்படித் திணறுகிறது?

தம்பி, கம்பிக்குப் போகாவிட்டாலும் வழக்கமான பாதையில் ஒரே தரவு நினைவகத்துக்குள் நான்கு முறை நகலாகிறது. நிரல் அனுப்பியதை அந்த விஎம்மின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் பஃபருக்கு, அதாவது தற்காலிக நினைவிடத்துக்கு, எடுக்கும். அங்கிருந்து விஹோஸ்ட் (விஎம்களின் பாக்கெட்டுகளைக் கையாளும் ஹோஸ்ட் கர்னல் பகுதி) அதை ஹோஸ்ட் கர்னலுக்கு எடுக்கும். விஎம்களை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்சான பிரிட்ஜ் நகல் எடுக்காமல் கைமாற்றிவிடும். அடுத்து பெறும் விஎம்மின் நினைவகத்துக்கு ஒரு நகல், அங்குள்ள நிரலுக்கு இன்னொன்று. களத்து நெல் வீடு வந்து சேர்வதற்குள் நாலு சாக்கு மாற்றிக் கட்டுவது போலத்தான்.

அம்பாசமுத்திரம், அரிசி ஆலைக் கணக்கு மென்பொருள் பார்ப்பவர்: டேட்டாபேஸ் ஒரு விஎம்மில், செயலி இன்னொன்றில். நெட்வொர்க் கார்டாக இ1000 போட்டிருக்கிறேன். முதலில் எதை மாற்ற?

அந்தக் கார்டைத்தான். இ1000 பழைய இன்டெல் கார்டு போல நடிக்கிறது. விஎம் அதைத் தொடும்போதெல்லாம் ஹோஸ்டுக்கு வெளியேறி வர வேண்டியிருக்கும். விஎம்களுக்கென்றே வடிவமைத்த விர்ட்டியோ கார்டுக்கு மாறுங்கள். கூடவே விஹோஸ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். 2010 இல் லினக்ஸ் 2.6.34 உடன் வந்தது அது. விஎம்முக்குச் சாதனங்களைப் போல நடிக்கும் க்யூஇஎம்யூ நிரல் செய்துகொண்டிருந்த பாக்கெட் வேலையை கர்னலுக்குள் கொண்டுவந்துவிட்டது.

அப்புறம், நெட்வொர்க் கார்டு அமைப்புகளைக் காட்டும் ஈத்டூலில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய துண்டை உடைப்பதைத் தள்ளிப்போடும் வசதிகள்) இரண்டும் 'ஆன்' என்று காட்டுகிறதா? ஏதோ பழைய குறிப்பைப் படித்து அணைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும். அவை இருந்தால் 64 கேபி வரை ஒரே துண்டாக அடுத்த விஎம்முக்குப் போகும். அணைத்தால் அதே தரவு 1500 பைட் அளவுக்கு உடைந்து நாற்பத்தைந்து பாக்கெட் வரை ஆகும். நகலாகும் பைட் அதேதான், ஆனால் பாக்கெட்டுக்குப் பாக்கெட் செய்யும் வேலை பல மடங்காகிவிடும். உங்கள் ஆலைக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

தென்காசி: விஹோஸ்டில் ஜீரோ-காப்பி (நகல் எடுக்காமல் அனுப்பும்) வசதியை இயக்கினேன். ஒரு மாற்றமும் இல்லையே?

இருக்காது. அனுப்பும் விஎம்மின் நினைவகப் பக்கத்தை நகல் எடுக்காமல் அப்படியே கொடுத்தால், பெறும் விஎம் படித்து முடிக்கும்வரை அனுப்பியவர் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பெறுபவர் படிக்காமலே விட்டால் அனுப்பியவரின் பஃபர் மாட்டிக்கொள்ளும். அதனால் பாக்கெட் இன்னொரு விஎம்முக்கு என்று தெரிந்ததும் கர்னல் தானே ஒரு நகல் எடுத்துவிடுகிறது. வெளிக் கார்டு வழியாகப் போகும் பாக்கெட்டுக்குத்தான் அது பயன்படும். 2019 இல் அதை இயல்பிலேயே அணைத்துவிட்டார்கள். நீங்களும் விட்டுவிடுங்கள்.

சங்கரன்கோவில்: நகலுக்குப் பதில் நினைவகப் பக்கத்தையே கைமாற்றினால்?

கேவிஎம் போல விஎம்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான ஜென் தொடக்கத்தில் அதைத்தான் செய்தது. 4096 பைட் பக்கம் ஒன்றின் உரிமையை மாற்ற வேண்டுமானால் பக்க அட்டவணையைத் திருத்தி, அதன் பதிவுகளைச் சிபியு கைவசம் வைத்திருக்கும் டிஎல்பியையும் துடைக்க வேண்டும். 1500 பைட்டை நகல் எடுப்பதைவிட அதுவே செலவு அதிகம். பிறகு நகலுக்கே திரும்பினார்கள்.

வள்ளியூர்: பொது நினைவகம் ஒன்றை இரண்டு விஎம்முக்கும் காட்டினால் என்ன?

முடியும், அதற்கு ஐவிஷ்மெம் என்ற வசதி இருக்கிறது. ஆனால் அதில் சாதாரண சாக்கெட் (நிரல்கள் நெட்வொர்க்கில் பேசும் வழி) கிடையாது, தரவு பரிமாறும் நிரலை நீங்களே எழுத வேண்டும். அதைவிடப் பெரிய கவலை வேறு: நீங்கள் சரிபார்த்து முடித்த தரவை, பயன்படுத்துவதற்குள் எதிர் விஎம் மாற்றிவிடலாம். தனக்கென்று ஒரு நகல் எடுத்து, அதைச் சோதித்துப் பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு. இரண்டு விஎம்மும் ஒரே ஆள் பொறுப்பில் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். கர்னலைத் தவிர்த்து, சாதாரண நிரல் ஒன்றே பாக்கெட்டைக் கையாளும் விஹோஸ்ட்-யூசரும் டிபிடிகேவும் வேகமானவைதான். ஆனால் ஒரு கோர் வேலை இல்லாதபோதும் நூறு சதவீதம் சுழன்றுகொண்டே இருக்கும். நான்கு கோர் பெட்டிக்கு வேண்டாம்.

களக்காடு: ஒரே கார்டைப் பல விஎம்முக்கு நேரடியாகப் பிரித்துக் கொடுக்கும் எஸ்ஆர்-ஐஓவி கார்டு வாங்கலாமா?

இதற்காக வேண்டாம். விஎம்களுக்கு இடையே சிபியு நகல் எடுக்காது, சரி. ஆனால் பக்கத்து விஎம்முக்குப் போகும் தரவும் பிசிஐஇ (கார்டைச் சர்வரோடு இணைக்கும் பாதை) வழியாகக் கார்டுக்குப் போய்த் திரும்பும்.

நாங்குநேரி: நகல்தான் பிரச்சினை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடும்போது, எந்த ஃபங்ஷன் சிபியுவை அதிகம் தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் டாப் கட்டளையை ஹோஸ்டிலும் இரண்டு விஎம்மிலும் போடுங்கள். காப்பி என்று பெயருள்ள ஃபங்ஷன்கள் மேலே நின்றால் நகல்தான். அவை கீழே கிடந்தால் ஜிஎஸ்ஓ, விஹோஸ்ட் இரண்டையும் முதலில் சரிபாருங்கள்.