அம்மா கணக்குப் பார்த்தா மீன் வாங்குகிறார்?

கேள்வி: சேர், வந்தாறுமூலை வளாகத்தில் முதலாம் வருடம் பொருளியல் படிக்கிறேன். நுகர்வோர் தன் பயன்பாட்டை, அதாவது பொருளால் கிடைக்கும் திருப்தியை, உச்சமாக்குகிறார் என்று படிப்பிக்கிறார்கள். எங்கள் அம்மா சந்தையில் மீனைப் பார்ப்பார், விலை கேட்பார், வாங்குவார். அவ்வளவுதான். அளக்கவே முடியாத ஒன்றை வைத்துக் கேள்வி வளையி (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) கீறுவது சரியா?
- மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: சரிதான் மகள். அம்மா எதையும் அளக்கத் தேவையில்லை.

ஒரு காலத்தில் அளக்கலாம் என்றுதான் நினைத்தார்கள். 1871இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர், இன்பத்தையும் துன்பத்தையும் கணிதத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். பின்னால் வந்த பரேட்டோ, எதைவிட எது விருப்பம் என்ற வரிசை தெரிந்தால் போதும் என்றார். 1934இல் ஹிக்ஸும் அலனும் அந்த வரிசையை மட்டும் வைத்தே கேள்விக் கோட்பாட்டைக் கட்டிக்காட்டினார்கள். சூரை மீனா, கீரி மீனா என்று கேட்டால் 'இது', 'அது', அல்லது 'எதுவென்றாலும் சரி' என்று அம்மா சொல்வாரே, அதுதான் தேவை. கீரியைவிடச் சூரை, சூரையைவிட இறால் என்றால், கீரியைவிட இறால் என்றும் சொல்ல வேண்டும். இப்படி முரணில்லாத வரிசைக்கு 1, 2, 3 என்று எண் போட்டாலும் 10, 50, 900 என்று போட்டாலும் ஒன்றுதான். விரிவுரையில் வரும் எண்கள் அந்த வரிசையைக் காட்டும் அடையாளங்கள்.

1938இல் சாமுவேல்சன் இன்னும் ஒரு படி போனார். மனதுக்குள் பார்க்க வேண்டாம், வாங்குவதைப் பாருங்கள் என்றார். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத்தான் நீங்கள் இறுகப் பிடிக்க வேண்டும். அம்மாவின் கையிலுள்ள காசுக்குச் சூரையும் வாங்கலாம், கீரியும் வாங்கலாம் என்ற நிலையில் கீரியை எடுத்தால், அவர் விருப்பம் வெளிப்படுகிறது. சூரை விலை கைக்கு எட்டாததால் கீரி எடுத்தால், இரண்டில் எது விருப்பம் என்று அந்தக் கொள்வனவு எதுவுமே சொல்லவில்லை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் பால்மா பக்கெட் வாங்குவதை நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பிளேன்டீ கொடுத்தார்கள். விற்பனைக் கணக்கில் இது 'பால்மாவுக்கான கேள்வி குறைந்தது' என்று வரும். அது பிழையில்லை, கேள்வி என்பது ஆசையும் காசும் சேர்ந்தது. ஆனால் 'சனம் பால் இல்லாமல் பழகிவிட்டது' என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. விருப்பம் அப்படியே இருந்தது. உள்ளே ஒடுங்கியது வரவுசெலவுக் கோடு, அதாவது கையிலுள்ள காசுக்கு எதெதை எவ்வளவு வாங்கலாம் என்ற எல்லை.

இந்த வேறுபாட்டைக் கணிதத்தில் பிரித்துக் காட்டியவர் ரஷ்யரான ஸ்லட்ஸ்கி, 1915இல். ஒரு பொருளின் விலை ஏறினால் வாங்கும் அளவு மாறுவதில் இரண்டு பங்கு இருக்கிறது. மீன் விலை ஏற, முட்டைக்கும் பருப்புக்கும் மாறுவது ஒன்று: பிரதியீட்டு விளைவு. அதே சம்பளம் முன்புபோல் காணாமல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது மற்றது: வருமான விளைவு. ஏழை வீட்டில், செலவில் பெரும் பங்கு போகும் பொருளின் விலை ஏறினால் இந்த இரண்டாவது பலமாக அடிக்கும். அரிசி விலை ஏறும்போது நம் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள் படும் பாட்டை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

ஆகவே படம் கீறும்போது வரவுசெலவுக் கோட்டை முதலில் கீறுங்கள், அதற்குப் பிறகு சமநோக்கு வளையி, அதாவது 'எதுவென்றாலும் சரி' என்று அம்மா சொல்லும் சேர்க்கைகளை இணைக்கும் கோடு. அப்புறம் ஒரு நாள் அம்மாவோடு சந்தைக்குப் போய், விலை கேட்டுவிட்டு எந்த மீனை வாங்காமல் வைத்தார் என்று பாருங்கள்.