பயனீட்டாளர் கேள்வி-பதில்: முதலில் தோட்டா, அப்புறம் துப்பாக்கி

போன மாதம் பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்குவது பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். வழக்கமாகக் குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி என்று எழுதுகிறவர்களும் இப்போது துப்பாக்கிக்குத் தாவிவிட்டார்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் உரிமம் வைத்திருக்கும் பிள்ளை, மைத்துனர், சித்தப்பா சார்பில் வந்த கடிதங்கள். சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அமெரிக்க ஏலத் தளம் ஒன்றில் முதல் உலகப் போர்க்கால லீ-என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) மலிவாக வருகிறது. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றிவிட்டு, 'அலங்காரப் பொருள்' என்று எழுதி அனுப்பச் சொன்னால் சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா? வரவேற்பறையில் மாட்டத்தான். (ஈசூன் வாசகர்)

பதில்: கூடாது. போல்ட் இல்லாத துப்பாக்கியும் துப்பாக்கிதான். தனியாக வரும் போல்ட்டும் ஆயுதத்தின் பாகம்தான். ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. பொய்யாக எழுதி அனுப்பச் சொல்வது தனிக் கணக்கு. அசலைப் போலவே இருக்கும் மாதிரியைத் தருவித்தாலும் காவல்துறை அனுமதி வேண்டும். சுவர் காலியாக இருந்தால் மாமனார் படத்தை மாட்டுங்கள்.

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் என் மகன் முறையான உரிமம் உள்ளவன். அங்கே ஒரு கடையில் பழைய சாவேஜ் 99 ரைஃபிளுக்கு 600 ஆஸ்திரேலிய வெள்ளி முன்பணம் கட்டிவிட்டான். குழலில் '.303 சாவேஜ்' என்று இருக்கிறதாம். அவனுடைய கிளப்பில் எல்லோரும் .303 தான் சுடுகிறார்கள். கடைக்காரரும் "த்ரீ நாட் த்ரீதானே, தோட்டா எங்கேயும் கிடைக்கும்" என்றாராம். இப்போது கிளப்பில் ஒருவர் பயமுறுத்துகிறார். (பிடோக் வாசகர்)

பதில்: பயமுறுத்தியவருக்கு உங்கள் மகன் ஒரு காப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும். .303 என்பது அங்குலத்தில் சொல்லும் குழல் அளவு, அந்தப் பெயரில் தோட்டா இரண்டு: 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட .303 வேறு, அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் தன் துப்பாக்கிக்கென்று கொண்டுவந்த .303 வேறு. பிரிட்டிஷ் தோட்டாவின் பித்தளைக் கூடு ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் நீளம், சாவேஜ் கூடு 51. அடிவிளிம்பின் அகலமும் வேறு. ஒன்றின் தோட்டாவை இன்னொன்றில் போடவே கூடாது. சாவேஜ் 99 அருமையான துப்பாக்கி. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று பக்கத்து ஓட்டையில் காட்டும் சின்னப் பித்தளை எண் சக்கரத்துக்காகவே பலர் வாங்குவார்கள். ஆனால் இந்தத் தோட்டாவைப் பெரிய ஆலைகள் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. பழைய பெட்டி கிடைத்தால், அதைச் சேகரிப்பாளர்கள் சுடுவதற்கல்ல, அடுக்கி வைப்பதற்கு வாங்குகிறார்கள். விலையும் அப்படித்தான்.

விற்கிறவர்களிடம் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. குழலில் பொறித்திருப்பதை அப்படியே விளம்பரத்தில் எழுதிவிட்டு, 'மிக அரிது' என்று சேர்த்து, விலையில் பாதியைக் கூட்டிவிடுவார்கள். பொறித்தவர் போய் நூறு வருடம் ஆகியிருக்கும். நடுவில் எத்தனை பேர் குழலைக் குடைந்தார்கள், சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) நீட்டினார்கள், வேறு குழலே மாட்டினார்கள், யாருக்குத் தெரியும்? ஜெர்மானிய 8 மில்லிமீட்டர் மௌசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1905 வாக்கில் ராணுவக் குண்டின் விட்டம் .318 அங்குலத்திலிருந்து .323 ஆயிற்று. வேட்டைத் துப்பாக்கி செய்தவர்களோ அதற்குப் பிறகும் பழைய அளவில் செய்துகொண்டிருந்தார்கள். பெரிய குண்டைச் சின்னக் குழலில் தள்ளினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும்? உங்கள் மகன் இருக்கும் ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு கூத்து: நியூ சவுத் வேல்ஸில் ராணுவ அளவுத் துப்பாக்கிகளுக்குத் தடை இருந்த காலத்தில், .303 கூட்டின் கழுத்தை .25 அளவுக்கு ஒடுக்கி, லீ-என்ஃபீல்டுக்குப் புதுக் குழல் மாட்டினார்கள். வெளியே பார்த்தால் அதே லீ-என்ஃபீல்டு. உள்ளே போடும் தோட்டாவைக் கையால் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே பொறிப்பை நம்பக் கூடாது, சேம்பரை வார்த்துப் பார்க்க வேண்டும். செரோசேஃப் என்று ஒரு உலோகக் கலவை இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சூடுகூட வேண்டாம், உருகிவிடும். துப்பாக்கி மெக்கானிக் குழலை அடைத்து, உருக்கிய கலவையைச் சேம்பருக்குள் ஊற்றி, இறுகியதும் தட்டி எடுப்பார். முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரியும் உலோகம் அது. ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் சரியான அளவு கையில் இருக்கும். அவசரக்காரர் சுடச்சுட அளந்தாலும் தப்பு, சோம்பேறி அடுத்த வாரம் அளந்தாலும் தப்பு. கணிசமான பணத்துக்குத் துப்பாக்கி விற்கிறவருக்கு இந்த வேலை செய்து படம் போட என்ன கேடு? கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

உங்கள் மகன் விஷயம்: வாங்கும் அனுமதிச் சீட்டு இன்னும் வரவில்லை என்றால் துப்பாக்கி கைமாறியிருக்காது. கிளப்பில் சுடத்தான் கேட்கிறேன் என்று சொல்லி, கடைக்காரர் அந்தத் தோட்டா எங்கேயும் கிடைக்கும் என்று உறுதி சொல்லியிருந்தால், சொன்ன தேவைக்குப் பொருள் உதவ வேண்டும் என்பது ஆஸ்திரேலியப் பயனீட்டாளர் சட்டம். அதைக் குறிப்பிட்டு முன்பணத்தை எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: கனடாவில் வேலை செய்கிறேன். உரிமம் உண்டு. .280 ராஸ் ரைஃபிள் ஒன்று சல்லிசாக வாங்கினேன். போல்ட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன். கொஞ்சம் லூசாகத் தெரிகிறது. இரண்டு தோட்டா சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இன்னும் எத்தனை சுடலாம்?

பதில்: ஒன்றுகூடக் கூடாது. 1910 மாடல் ராஸின் போல்ட்டைப் பிரித்தால், தப்பான பக்கம் திருகியும் மாட்ட முடியும். பூட்டாமலே வெடிக்கும். போல்ட் திரும்பி வரும் வழியில் உங்கள் கன்னம் இருக்கிறது. தெரிந்தவர்கள் தப்பாக மாட்ட முடியாதபடி ஒரு ரிவெட் அடித்து வைப்பார்கள், உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? வாங்குமுன் பத்து நிமிடம் படித்திருந்தால் இதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும். மெக்கானிக்கிடம் கொடுங்கள். இரண்டு தடவை பிழைத்ததை அனுபவம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள் தம்பி.

கேள்வி: டெக்சஸில் இருக்கும் சித்தப்பா ஒரு மார்ட்டினி-ஹென்றி வாங்கினார். கிரீடம், அதன் கீழே 'வி.ஆர்.', 1907 என்று பொறித்திருக்கிறது. அசல்தானே?

பதில்: 'வி.ஆர்.' விக்டோரியா ராணியின் முத்திரை. அவர் 1901 ஜனவரியில் காலமாகிவிட்டார். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறையில் செய்த நகல். சுட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். நானும் வாயை மூடிக்கொள்ள வேண்டியவன்தான்: 'பிப்ரவரி 1942, புக்கிட் தீமா சண்டையில் கிடந்தது' என்று ஒருவர் விற்ற துப்பாக்கித் தோள்வாரை வாங்கி, வீட்டில் பித்தளை முனையருகே பூதக்கண்ணாடி வைத்தால், 1944 என்று பொறித்திருக்கிறது.

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் தாத்தாவின் .470 இரட்டைக்குழல் ரைஃபிள் இருக்கிறது. லண்டனில் கோடிக்கணக்கில் விற்றுத் தருவதாக ஒருவர் வந்தார். மதிப்பீட்டுக் கட்டணம், அனுமதிக் கட்டணம் என்று இங்கிருந்தே மூன்று தடவை பணம் அனுப்பினேன். இப்போது துப்பாக்கியைக் கூரியரில் அனுப்பச் சொல்கிறார். மருமகள் திட்டுகிறாள். (ஹவ்காங் வாசகி)

பதில்: மருமகளை என்னிடம் பேசச் சொல்லுங்கள் அம்மா. திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் இல்லை. அந்த ஆள் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறான். .470-க்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. 1907-ல் ஆங்கில அரசு இந்தியாவில் .450 அளவைத் தடை செய்தது. கிளர்ச்சிக்காரர்கள் கையிலிருந்த அதே அளவு மார்ட்டினி-ஹென்றிக்குத் தோட்டா போய்விடும் என்ற பயம். அதைச் சமாளிக்க லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவு போட்டன. ஜமீன்தார் வீடுகளுக்கு அவை வந்த கதை அது. உண்மையும் பொய்யும் கலந்து சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

இனி ஒரு காசு அனுப்பாதீர்கள். வங்கிக்கு இன்றே சொல்லுங்கள், இங்கே காவல்துறையில் புகார் கொடுங்கள், ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799. துப்பாக்கி கூரியரில் போகவே கூடாது. இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப அரசு உரிமம் வேண்டும். உரிமம் வைத்திருந்த தாத்தா காலமான பிறகு அது வீட்டு அலமாரியில் இருப்பதே சிக்கல். ஆயுதச் சட்டம் 1959-இன் 21-ஆம் பிரிவுப்படி, தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஊரில் இருக்கும் உறவினரை ஒரு வழக்கறிஞரோடு போகச் சொல்லுங்கள். வாரிசு உரிமம் கேட்பதா, விற்பதா என்பதைப் பிறகு நிதானமாகப் பேசலாம்.

கேள்வி: துப்பாக்கிதான் கிடையாது, புத்தகமாவது இருக்கட்டும் என்று, ஒரு கடையில் 1912-ஆம் ஆண்டு துப்பாக்கி விலைப்பட்டியல் 'அசல்' என்று சொன்னதை நம்பி 280 வெள்ளிக்கு வாங்கினேன். மறுபதிப்பு என்கிறார் நண்பர். பணம் திரும்ப வருமா? (தெம்பனிஸ்)

பதில்: படங்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மெல்லிய கோட்டோவியம்கூடப் புள்ளி புள்ளியாகச் சிதைந்திருந்தால் படியெடுத்து அச்சிட்டது. என்னிடமும் அப்படி ஒன்று தூங்குகிறது. நான் தனியாள் ஒருவரிடம் ரொக்கம் கொடுத்து, ரசீது வாங்காமல் வந்தவன். நீங்கள் கடையில் வாங்கியிருக்கிறீர்கள், 'அசல்' என்று ரசீதில் எழுதியிருக்கிறதா? இருந்தால் கடையில் கேளுங்கள், மறுத்தால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை. ரசீதில் 'பழைய புத்தகம், 1' என்று மட்டும் இருந்தால், மாதம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போய் உரக்கப் பேசுங்கள்.