பழகும்போதே விழுவது ஏன்?

கேள்வி: எங்கள் ஊரின் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். எஞ்சின் நின்றால் இறங்குவது எப்படி என்று பழகும்போதே உலகெங்கும் பல விபத்துகள் நேர்வதாகப் படித்தேன். நிஜமான கோளாறு இல்லாதபோது விபத்து எப்படி வருகிறது?
– வாசகர், அரக்கோணம்

பதில்: எஞ்சின் நின்றதும் ஹெலிகாப்டர் அப்படியே விழுந்துவிடுவதில்லை. விமானி இடக்கையிலுள்ள, மேல்விசிறி இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலை உடனே தாழ்த்தினால், கீழிருந்து மேலேறும் காற்றே, திருவிழாவில் வாங்கிய காகிதக் காற்றாடியைச் சுழற்றுவது போல, ரோட்டார் எனும் அந்த மேல்விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். இதற்கு ஆட்டோரொடேஷன் என்று பெயர். தரையை நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, ரோட்டாரில் மிஞ்சியிருக்கும் சுழற்சியைச் செலவிட்டு மெல்ல இறக்க வேண்டும். அந்தச் சேமிப்பு ஒரே ஒரு முறைதான் கைகொடுக்கும்.

பயிற்சியில் பெரும்பாலும் எஞ்சினை அணைப்பதில்லை. எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கி, தரைக்குச் சற்று மேலே மீண்டும் சக்தி கொடுத்து நிலைநிறுத்துவார்கள். சிக்கல் அங்கேதான். மாணவர் தவறுவார் என்பது எதிர்பார்த்ததே. அவரே திருத்திக்கொள்ளட்டும் என்று பயிற்றுநர் ஒரு நொடி கூடுதலாகப் பொறுத்துவிட்டால், நிமிடத்துக்கு 1,500 அடி இறங்கும் எந்திரம் அதற்குள் 25 அடி இறங்கியிருக்கும். என் கணிப்பில், மாணவரின் பிழையைவிடப் பயிற்றுநரின் இந்தப் பொறுமையே ஆபத்தானது.

பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஆர்22 ரக ஹெலிகாப்டரின் ரோட்டார் எடை குறைந்தது. சுழற்சி நொடிகளில் தளர்ந்துவிடும். அதைத் தயாரிக்கும் ராபின்சன் நிறுவனமே, மிக அரிதாக நேரும் எஞ்சின் கோளாறுக்குப் பழகப்போய் ஆண்டுதோறும் பல ஹெலிகாப்டர்கள் அழிவதாகப் பாதுகாப்புக் குறிப்பில் எழுதியிருக்கிறது. ரோட்டார் சுழற்சி, வேகம், இறங்கும் வீதம் ஆகியவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் 100 அடி உயரத்திலேயே முயற்சியைக் கைவிட வேண்டும் என்பது அதன் அறிவுரை. காற்று மெலிந்த இடங்களில் 200 அடி அல்லது அதற்கும் மேலே.

மெலிந்த காற்று என்றதும் மலையை மட்டும் நினைக்க வேண்டாம். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலும் 40 டிகிரி வெயிலில் காற்று ஏறத்தாழ 3,000 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். வேலூர் வட்டாரத்து அக்கினி நட்சத்திரத்தை அறிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

ஆகவே பயிற்சியையே நிறுத்திவிடலாமா என்றால், கூடாது. நெம்புகோலைத் தாழ்த்தத் தாமதித்து ரோட்டார் சுழற்சி ஓரளவுக்குமேல் குறைந்துபோனால் மீட்கவே முடியாது என்பதால், அந்த முதல் அசைவு கைக்குப் பழகியே ஆகவேண்டும். அதை நல்ல உயரத்தில் பழகலாம். தரையைத் தொடும் கடைசி நொடிகளைப் பெருமளவு சிமுலேட்டரில் பழகுவதே மேல்.